பட்டா இல்லாத மூன்று ஆண்டுகள்

கோவையில் பொறியியல் கல்லூரி ஒன்றின் இறுதியாண்டு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய சொற்பொழிவு



‘அமெரிக்காவில் மேற்படிப்பு’ என்று தலைப்புக் கொடுத்து என்னை அழைத்திருக்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகம் நல்லது, எந்தப் பாடத்துக்கு மவுசு என்று சொல்ல இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது பட்டம் வாங்கிய மறுநாள் தொடங்கும் காலத்தைப் பற்றி. நீங்கள் வாங்கும் கடன் அந்தக் காலத்தை நம்பித்தான் வாங்கப்படுகிறது. ஆனால் அதைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் மிகக் குறைவு.

2023–24 கல்வியாண்டில் அமெரிக்கக் கல்வி நிறுவனங்களின் கணக்கில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். இவர்களில் 97,556 பேர் வகுப்புக்குப் போகிறவர்கள் அல்லர். ஓபிடி என்று எல்லோரும் சொல்கிற வேலைப் பயிற்சி அனுமதியில் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர்! மாணவர் விசாவிலேயே இருந்துகொண்டு சம்பளம் வாங்குகிறவர்கள். எந்தப் பாடம் படித்தாலும் 12 மாதம் கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்திருந்தால் மேலும் 24 மாதம். இதைத்தான் ஸ்டெம் எக்ஸ்டென்ஷன் என்கிறார்கள். ஆக மூன்று ஆண்டுகள்.

இந்த மூன்று ஆண்டுகள் எங்கிருந்து வந்தன? பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்று சட்டம் எதுவும் இயற்றவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1947-ல், அயல்நாட்டு மாணவர்கள் படிப்பை ஒட்டிச் செய்முறைப் பயிற்சி பெறலாம் என்று நிர்வாக விதி ஒன்று வந்தது. 1952-ன் குடியேற்றச் சட்டம் இன்றைய மாணவர் விசாவை உருவாக்கியபோது, படித்த பிறகு வேலை பார்ப்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஓபிடி என்ற பெயரும் 12 மாத அளவும் 1992-ல் விதியாக வந்தன. 2008 மார்ச்சில் பில் கேட்ஸ் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து, வேலைக்கான எச்-1பி விசா போதவில்லை, மாணவர்களின் பயிற்சிக் காலத்தையாவது நீட்டியுங்கள் என்று கேட்டார். அடுத்த மாதமே புஷ் அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, ஸ்டெம் பட்டதாரிகளுக்கு 17 மாதம் கூடுதலாகக் கொடுத்தது. 2016 மே மாதம் ஒபாமா அரசு அதை 24 மாதமாக்கியது.

புறம்போக்கில் வீடு கட்டிக்கொண்டு குடியிருப்பவர்களை நமக்குத் தெரியும். மின் இணைப்பு வந்துவிடும், குடும்ப அட்டையில் முகவரி ஏறிவிடும், வீட்டுவரிகூடக் கட்டுவார்கள். ஆனால் பட்டா இருக்காது. ஓபிடியின் நிலையும் அதுதான். பல லட்சம் பேர் அதில் வாழ்ந்துவிட்டார்கள், நல்ல வேலைக்கும் போய்விட்டார்கள். ஆனால் அதற்குப் பட்டா இல்லை. ஒரு துறை எழுதிய விதியை அதே துறை, உரிய நடைமுறையைப் பின்பற்றித் திருத்தலாம், குறைக்கலாம், எடுத்தும் விடலாம்.

வழக்கும் வந்தது. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ‘வாஷ்டெக்’ என்ற தொழில்நுட்ப ஊழியர் சங்கம் 2014-ல் நீதிமன்றம் போனது. சட்டத்தின் சொற்களையே பிடித்துக்கொண்டு அவர்கள் வாதாடினார்கள்: படிப்பதற்காக மட்டுமே வருகிறவர்தான் மாணவர் என்று சட்டம் சொல்கிறது, படிப்பை முடித்தவர் எப்படி மாணவராக நீடிக்க முடியும்? 2015 ஆகஸ்டில் நீதிபதி எலன் ஹுவெல், பொதுமக்களின் கருத்தைக் கேட்காமல் அவசரமாகக் கொண்டுவந்த விதி என்று சொல்லி 2008-ன் நீட்டிப்பை ரத்து செய்தார். உடனே அமலானால் ஆயிரக்கணக்கானோர் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும் என்பதால், தீர்ப்பை நிறுத்திவைத்து அரசுக்கு அவகாசம் கொடுத்தார். அந்த அவகாசத்தில் எழுதப்பட்டதுதான் 2016-ன் விதி. அதையும் எதிர்த்து வழக்கு நடந்தது. 2022 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டு நீதிபதிகள் ஆதரிக்க ஒருவர் மறுக்க, விதி செல்லும் என்றது. மாணவர் என்ற வரையறை நாட்டுக்குள் நுழைவதற்கான தகுதி. நுழைந்தபின் எவ்வளவு காலம், என்ன நிபந்தனையில் தங்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் துறைக்கு உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்துவிட்டது.

எல்லாம் முடிந்து நாம் ஜெயித்துவிட்டோம் என்று அன்றைக்குப் பலர் இனிப்புக் கொடுத்தார்கள். தீர்ப்பை நிதானமாகப் படித்தால் வேறொன்றும் தெரியும். கொடுக்கும் அதிகாரம் துறைக்கு உண்டு என்றுதான் நீதிமன்றம் சொன்னது. கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. 2025 மே மாதம், குடியேற்ற சேவை அமைப்பின் இயக்குநர் பொறுப்புக்கு முன்மொழியப்பட்ட ஜோசப் எட்லோ, படிப்பு முடிந்த பிறகும் வேலை அனுமதி தருவதை நீக்கவே விரும்புவதாக செனட் குழுவிடம் சொன்னார். பிறகு அந்தப் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், மாணவர்கள் தங்குவதற்கு நான்காண்டு உச்சவரம்பு வைக்கவும், படிப்புக்குப் பின் தரும் 60 நாள் அவகாசத்தை 30 ஆக்கவும் ஒரு வரைவு விதியைத் துறை வெளியிட்டது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் வேலை பார்த்துக் கட்டிய வீட்டின் பத்திரத்தை வங்கியில் வைக்கும்போது, எதை நம்பி வைக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தேன். டிஎஸ்ஓ என்று மாணவர்கள் சொல்லும் பொறுப்பு. அந்த மேசையில் உட்கார்ந்து நான் கண்டது, இந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு நாளையும் எண்ண வேண்டிய பொறுப்பு மாணவர் தலையில்தான் விழுகிறது என்பது. அரசும் எண்ணுகிறது, ஆனால் தவறிய பிறகுதான் சொல்லும்.

ஒரு மாணவியை வைத்துப் பார்ப்போம். எம்எஸ் படிப்பு மே 15-ல் முடிகிறது. ஓபிடிக்கு முன்கூட்டியே 90 நாள், அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து விண்ணப்பிக்கலாம். முடிந்தபின் 60 நாள் வரை, அதாவது ஜூலை 14 வரை. டிஎஸ்ஓ கணினியில் பரிந்துரை ஏற்றிய 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். 31-வது நாள் போனால் மறுப்பு. 60 நாள் கெடுவும் அதற்குள் கடந்திருந்தால் மறு வாய்ப்பே இல்லை, அந்தப் பட்டத்துக்கான ஓபிடி போனது போனதுதான். இனி தொடக்கத் தேதி. அதை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். ஜூன் 1 என்று போட்டார், வேலை அனுமதி அட்டையும் அதே தேதியோடு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து வேலையில்லாத நாட்கள் எண்ணப்படும். மொத்தம் 90 தான். சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் அதில் அடக்கம். ஆகஸ்ட் முடிவதற்குள் வாரம் 20 மணி நேரமாவது படிப்போடு தொடர்புள்ள வேலை கையில் இருக்க வேண்டும். அதை அரசின் இணையதளத்திலும் பதிந்திருக்க வேண்டும். வேலை கிடைத்தும் பதியாமல் விட்டவர்களின் கணக்கிலும் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும். 2025 மே மாதம், வேலை விவரம் பதியாத பல ஓபிடி மாணவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் போயின.

வேலை கிடைத்துவிட்டது. அடுத்த ஆண்டு மே 31-க்குள் ஸ்டெம் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். இப்போது நிபந்தனைகள் கூடும். இ-வெரிஃபை என்ற அரசுத் திட்டத்தில் பதிந்த நிறுவனமாக இருக்க வேண்டும். சம்பளமில்லாத வேலை இதில் செல்லாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருப்பைத் தெரிவிக்க வேண்டும். வேலை போனாலோ மாறினாலோ 10 நாளுக்குள் சொல்ல வேண்டும். வேலையில்லாத நாட்களில் இன்னும் 60 சேர்த்து, மொத்தம் 150 தருவார்கள். இதற்கு நடுவில் ஒவ்வொரு மார்ச்சிலும் எச்-1பி குலுக்கல். பொது ஒதுக்கீடு 65,000, அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குத் தனியாக 20,000. நம் மாணவிக்கு உறுதியாகக் கிடைப்பது மூன்று மார்ச் மாதங்கள். ஓபிடி ஓராண்டோடு நின்றால் ஒரே ஒரு மார்ச். நிறுவனங்களும் மாணவர்களும் இந்த 24 மாதத்துக்காக இத்தனை போராடுவது அதனால்தான்.

2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று பிரகடனம் வந்தபோது நம் ஊரில் பல வீடுகளில் தூக்கம் போனது. அமெரிக்காவுக்குள் இருந்தபடியே மாணவர் நிலையிலிருந்து எச்-1பிக்கு மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கம் கொடுத்தார்கள். இதனால் ஓபிடியின் மதிப்பு கூடித்தான் போனது. இங்கிருந்து நேராக வேலைக்குப் போகிறவருக்கு இருக்கும் சுவர், அங்கேயே படித்துவிட்டு நிற்கிறவருக்கு இல்லை. மதிப்பு கூடிய இடத்துக்குத் தரகர்கள் வந்து சேருவார்கள். அவர்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும்.

90 நாளில் 70 ஓடிவிட்ட ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். முந்நூறு இடங்களுக்கு விண்ணப்பித்திருப்பார், பதில் இல்லை. அப்போது வாட்ஸ்அப்பில் ஒருவர் வருவார், பெரும்பாலும் நம் மொழியோ பக்கத்து மாநில மொழியோ பேசுகிறவர். ‘கன்சல்டன்சி வைத்திருக்கிறோம், ஆஃபர் லெட்டர் உடனே தருகிறோம், பெஞ்சில் இருங்கள், கிளையன்ட் கிடைத்ததும் போகலாம்’ என்பார். பெஞ்ச் என்றால் சம்பளமில்லாமல் காத்திருப்பது. ரெஸ்யூமேயில் இல்லாத ஆறு வருட அனுபவத்தை அவர்களே எழுதிச் சேர்ப்பார்கள்.

அப்படி ஒரு தம்பி ஐ-983 படிவத்தோடு என் அறைக்கு வந்தார். மதுரைப் பக்கம். படித்தது வெப்பப் பரிமாற்றம் சார்ந்த இயந்திரவியல். ஐ-983 என்பது ஸ்டெம் நீட்டிப்புக்கான பயிற்சித் திட்டம். என்ன கற்கப் போகிறார், படித்த பாடத்தோடு அதற்கு என்ன தொடர்பு, யார் மேற்பார்வை, எப்படி மதிப்பிடுவார்கள், சம்பளம் எவ்வளவு என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். அவர் கொண்டுவந்த தாளில் பயிற்சி நோக்கம் என்ற கட்டத்தில் ஜாவா மென்பொருள் உருவாக்கம் என்று இருந்தது. நிறுவன முகவரி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கதவு எண்ணோடு முடிந்தது. மேற்பார்வையாளர் என்று ஒரு பெயர்.

“இவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா தம்பி?” என்று கேட்டேன்.

“இல்லைங்க சார். போன்ல மட்டும்தான். கையெழுத்துப் போட்டு பிடிஎஃப் அனுப்பிட்டாரு.”

“சம்பளம் எப்போதிலிருந்து?”

“புராஜெக்ட் கிடைச்சதுக்கு அப்புறம்னு சொன்னாங்க சார்.”

அந்தப் படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அவரோடு உட்கார்ந்து படித்தேன். பொய்யான விவரம் தந்தால் தண்டனை உண்டு என்ற வாக்குமூலத்துக்குக் கீழே நிறுவனம் மட்டுமல்ல, மாணவரும் கையெழுத்துப் போடுகிறார். அந்த வரியை அவர் அன்றுதான் பார்த்தார். அவருக்குப் பாடம் எடுத்த பேராசிரியரின் ஆய்வகத்தில், சோதனைக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஆள் தேவை இருந்தது. சம்பளம் குறைவு. ஆனால் உண்மையான வேலை, படித்த பாடம், பல்கலைக்கழகமே முதலாளி. அதில் சேர்ந்தார். பல்கலைக்கழகங்கள் எடுக்கும் எச்-1பிக்கு அந்த 65,000 வரம்பும் குலுக்கலும் கிடையாது என்பதும் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. நம் மாணவர்கள் இந்தக் கதவைத் தட்டிப் பார்ப்பதேயில்லை.

வேறு முடிவெடுத்தவர்களும் உண்டு. 2020 அக்டோபரில், இல்லாத நிறுவனங்களில் வேலை பார்ப்பதாகப் பதிந்திருந்த 15 மாணவர்களை அமெரிக்கக் குடியேற்றக் காவல் கைது செய்தது. அவர்களில் 11 பேர் இந்தியர்கள். நாடு கடத்தப்படும் நிலைக்கு வருவது எப்போதும் மாணவர்கள்தான். பொய் சொன்னது பதிவாகிவிட்டால், பின்னால் எந்த விசாவுக்குப் போனாலும் அது முன்னால் வந்து நிற்கும்.

இனி அங்குள்ள ஊழியர்களின் பக்கத்துக்கு வருகிறேன். அவர்களுடைய எதிர்ப்பை வெறும் இனவெறுப்பு என்று ஒதுக்கிவிடுவது நமக்கு எளிது. நான் அதை ஏற்கவில்லை. வெறுப்பு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் வாதத்தில் நியாயமும் இருக்கிறது. எச்-1பிக்கு எண்ணிக்கை வரம்பும் குறைந்தபட்சச் சம்பள அளவும் உண்டு. ஓபிடிக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. முதல் 12 மாதத்துக்குச் சம்பள அளவும் இல்லை. இன்னொன்று வரி. மாணவர் விசாவில் போகிறவர் பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் அங்குள்ள சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளைக் கட்ட வேண்டியதில்லை. ஊழியர் கட்டும் 7.65 சதவீதம் அவருக்கு மிச்சம், நிறுவனம் கட்ட வேண்டிய அதே 7.65 சதவீதம் நிறுவனத்துக்கும் மிச்சம். ஒரே வேலைக்கு இரண்டு புதிய பட்டதாரிகள் வந்து நின்றால், அயல்நாட்டவரை எடுப்பது அந்த அளவு மலிவு. அமெரிக்கப் பிள்ளையைப் பெற்றவருக்கு இதில் கோபம் வருவது இயல்பு. 2016-ன் விதி, நீட்டிப்புக் காலத்தில் இணையான ஊழியருக்குத் தரும் சம்பளமே தர வேண்டும், அமெரிக்க ஊழியரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் வைக்கக் கூடாது என்று சொல்கிறது. நல்ல விதி. ஆனால் நேரில் போய்ச் சரிபார்க்கும் அதிகாரம் இருந்தாலும் அதைச் சரியாகப் பயன்படுத்தினால்தான் விதிக்கு உயிர்.

என் கருத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். இதை நாடாளுமன்றமே சட்டமாக்க வேண்டும். அயல்நாட்டுப் பட்டதாரி இத்தனை ஆண்டுகள் வேலை பார்க்கலாம் என்று சட்டத்தில் எழுதி, அந்த வரிச் சலுகையை எடுத்துவிட்டு, முதல் நாளிலிருந்தே சம்பள அளவை வைக்கட்டும். நம் பிள்ளைகளுக்கு மாதம் சில நூறு டாலர் குறையும். மலிவாகக் கிடைக்கிறார்கள் என்பதற்காக எடுத்தார்கள் என்ற பேச்சும் அதோடு போகும். வேலையைப் பயிற்சி என்று அழைத்து, குடியேற விரும்புகிறவரைத் திரும்பிப் போகப் போகிற மாணவர் என்று அழைத்து நடத்துகிற ஏற்பாட்டில், உண்மை பேசுகிறவருக்குத்தான் கஷ்டம். சென்னை ஜெமினி பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நிற்கும் பிள்ளை, படித்துவிட்டுத் திரும்பி வருவேன் என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். அதே பிள்ளையின் கடன் கணக்கு, திரும்பி வந்தால் அடையாது. அந்த நெருக்கடியில் 22 வயதுப் பிள்ளையை நிறுத்துவது எனக்கு ஒருபோதும் சம்மதமாக இருந்ததில்லை.

பிரிட்டனுக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். அங்கே இதே அனுமதியை 2012-ல் மூடினார்கள். 2021 ஜூலையில் கிராஜுவேட் ரூட் என்று இரண்டு ஆண்டுகளுக்குத் திறந்தார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைக்க முடிவெடுத்திருக்கிறார்கள், முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் மூன்றாண்டு தொடர்கிறது. நாடு மாறினாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓர் ஆண்டும் தவணை கிடையாது. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். அந்தக் கூடுதல் ஓர் ஆண்டும் ஓபிடியின் முதல் 12 மாதமும் ஏறக்குறைய ஒன்றாகவே முடிகின்றன. ஸ்டெம் நீட்டிப்பு வராமல் போனால், அனுமதி முடிகிற மாதத்தில் தவணை தொடங்கும். ஆகவே கணக்குப் போடும்போது மூன்றாண்டுச் சம்பளத்தை எழுதிக் கூட்டாதீர்கள். ஓராண்டை மட்டும் எழுதுங்கள். அதுவும் வராமல் பிள்ளை பட்டத்தோடு கோவைக்கே திரும்பினால், இங்கே கிடைக்கும் சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் கடனைக் குறைக்க வழி தேடுங்கள்: செலவு குறைந்த மாநிலப் பல்கலைக்கழகம், ஆய்வு உதவியாளர் பணி, இரண்டு ஆண்டு இங்கே வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு போவது. அதற்காகப் போகவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்குள்ள ஆய்வகங்களில் கிடைக்கும் படிப்பு பெரிய படிப்பு. அதைப் பெற்று வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளைக் கண்ணால் பார்த்தவன் நான்.

கல்லூரி நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். சேர்க்கை ஏஜென்ட்டுகளுக்கு உங்கள் அரங்கத்தைக் கொடுக்கிறீர்கள். இப்போது ஓபிடியில் இருக்கும் உங்கள் பழைய மாணவர்களுக்கு, காணொளியிலாவது, ஆண்டுக்கு ஒரு மாலை நேரத்தைக் கொடுங்கள். வேலை கிடைத்தவரும் பேசட்டும், கிடைக்காமல் திரும்பியவரும் பேசட்டும். திரும்பியவரை அழைக்கத் தயங்காதீர்கள். அவரிடம்தான் தேதிகள் துல்லியமாக இருக்கும்.

கடைசியாக, ஏற்கெனவே பல்கலைக்கழகத்திலிருந்து ஐ-20 படிவம் கைக்கு வந்துவிட்ட மாணவர்களுக்கு. அந்தப் படிவத்தில் உங்கள் பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஆறு இலக்க எண் இருக்கும். 24 மாதம் உண்டா இல்லையா என்பதைப் பாடத்தின் பெயர் தீர்மானிப்பதில்லை, அந்த எண்தான் தீர்மானிக்கிறது. பொதுப் பொருளாதாரத்தின் எண் 45.0601, அது ஸ்டெம் பட்டியலில் இல்லை. அளவைப் பொருளாதாரத்தின் எண் 45.0603, அது இருக்கிறது. பாடத்திட்டம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும், ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கு ஓராண்டும் இன்னொன்றில் படித்தவருக்கு மூன்றாண்டும் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். பொறியியல், கணினி படிப்பவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. மேலாண்மை, தரவுப் பகுப்பாய்வு, வடிவமைப்பு என்று கலந்து படிக்கப் போகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் பாருங்கள். சேர்ந்த பிறகு எண்ணை மாற்றச் சொல்லி மாணவர் கேட்டால் யாரும் மாற்றித் தர மாட்டார்கள். படிவத்தைக் கொண்டுவந்திருப்பவர்கள் மேடைக்குக் கீழே வாருங்கள், ஒவ்வொருவர் எண்ணையும் பட்டியலோடு சேர்த்துப் பார்த்துவிடலாம். பெற்றோரும் கூடவே வாருங்கள்.